காடும் கடப்பாடும்

தன்னுடையது என்று கருதும் பொருளைக் காப்பதற்கு மனிதனுக்கு எவரும் அறம் கற்பிக்க வேண்டுவதில்லை. வீட்டுக்குக் கதவிடுவதும், வயலுக்கு வேலியிடுவதும், பெட்டிக்குப் பூட்டிடுவதும் இயல்பாகவே அமைந்து விடுகின்றன. பிறருடையது என்று அறிந்த பொருளைத் தொடாதிருக்கவும் அவன் ஓரளவு கற்றுக் கொண்டிருக்கிறான். அதற்குச் சட்டமும் சிறையும் துணை நிற்கின்றன. ஆனால் தனக்கென்று தனியே ஆகாமலும், பிறர்க்கென்று தனியே ஆகாமலும், எல்லார்க்கும் உரியதாய் நிற்கும் பொருள்களும் உள. ஊர்க்குளம், மேய்ச்சல் நிலம், ஊரை அடுத்த காடு ஆகியன அத்தகையவை. மனிதனின் அறவுணர்வு மெய்யாகவே சோதிக்கப்படும் இடம் அங்கேதான்.

எல்லார்க்கும் உரியது என்று ஒன்றைச் சொல்லும்போது நாம் எதைக் குறிக்கிறோம்? யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம் என்பதையா? ஒவ்வொருவரும் எவ்வளவு எடுக்கலாம் என்பதை எல்லாரும் கூடி முடிவு செய்வோம் என்பதையா? இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் வேறுபட்டவை. முன்னது உடையவரற்ற பொருள். பின்னதே பொதுப் பொருள். இவ்வேறுபாடு மறைக்கப்பட்டமையால் நம் நாட்டில் எண்ணற்ற சிற்றூர் மக்கள் தம் காட்டை இழந்தனர். காடும் தன் காவலரை இழந்தது. அதனை மீண்டும் கண்டுகொண்ட சில ஊர்களின் வரலாற்றைத் துணைக்கொண்டு, பொதுமை என்னும் அறத்தின் இயல்பை ஆராய முற்படுவோம்.

பேசாத இடையர்கள்

அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் 1968ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையொன்று உலகெங்கும் பெயர் பெற்றது. பொது மேய்ச்சல் நிலம் ஒன்றை அவர் கற்பனை செய்தார். ஓர் இடையன் தன் மந்தையில் இன்னும் ஒரு மாட்டைச் சேர்த்தால், அதனால் வரும் ஆதாயம் முழுவதும் அவனுக்கே; புல் குறைவதால் வரும் இழப்போ அனைவர்க்கும் பகிர்ந்து போகும். ஆகவே ஒவ்வொருவனும் மேலும் ஒரு மாட்டைச் சேர்க்கவே முனைவான். எல்லாரும் அவ்வாறு முனைய, நிலம் பாழாகும். இக்கேட்டிலிருந்து தப்பவேண்டுமாயின், பொது நிலம் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். அன்றி அரசின் கைக்குச் செல்ல வேண்டும் என்ற முடிவையே பலரும் அக்கட்டுரையிலிருந்து எடுத்துக் கொண்டனர்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அக்கணக்கில் வரும் இடையர்கள் ஒருவரோடொருவர் பேசிக் கொள்வதே இல்லை. ஒரே ஊரில் வாழ்ந்து, ஒரே கிணற்றில் நீர் மொண்டு, ஒருவர் வீட்டுத் திருமணத்தில் மற்றவர் உண்டு எழுபவர்கள், தம் கண்முன்னே புல் கருகுவதைக் கண்டும் வாய் திறவாதிருப்பார்களா? சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்னும் மலையூரில், குளிர்காலம் முழுதும் ஒருவர் தீனியிட்டுக் காப்பாற்றக் கூடிய மாடுகளின் எண்ணிக்கைக்கு மேல் அவர் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாகாது என்னும் விதி 1517ஆம் ஆண்டிலேயே ஏட்டில் ஏறியிருந்தது. இத்தகைய ஊர்களைத் தேடித் தேடி ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் 1990ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதற் பெண்மணியும் அவரே. ஹார்டினும் பிற்காலத்தில், தாம் சொன்ன கேடு மேலாண்மை இல்லாத பொது நிலத்துக்கே பொருந்தும் என்று திருத்திக் கொண்டார்.

காடு கைமாறிய வரலாறு

நம் நாட்டில் இக்கேள்வி ஹார்டினுக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே எழுந்தது. புகைவண்டிப் பாதைகளுக்குக் கட்டைகள் பெருமளவில் வேண்டப்பட்ட காலம் அது. காடுகளை அரசின் உடைமையாக்க முனைந்த ஆங்கில அதிகாரிகள், ஊரார் காட்டைப் பயன்படுத்தி வந்தது அரசர்களின் தயவால் கிடைத்த சலுகையே அன்றி உரிமை ஆகாது என்று வாதிட்டனர். எழுத்தில் இல்லாத வழக்கம் அவர்கள் கண்ணுக்கு உரிமையாகத் தோன்றவில்லை.

அவ்வாதத்தை அன்று வன்மையாக எதிர்த்தவர்களுள் சென்னை மாகாண வருவாய் வாரியத்தாரும் இருந்தனர் என்பது தமிழர் அறிய வேண்டிய செய்தி. ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத காடு இம்மாகாணத்தில் காண்பதரிது என்றும், ஊராரின் பயன்பாட்டு உரிமையைப் புறக்கணித்தல் தகாது என்றும் 1870களின் தொடக்கத்தில் அவர்கள் எடுத்துரைத்தனர். எனினும் 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் அரசுடைமைக் கொள்கையையே மேற்கொண்டது. 1882இல் சென்னைக்கும் தனிச் சட்டம் வந்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்க்காடு என்னும் வகையையும் சொல்லியது உண்மையே. ஆனால் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. தாயும் பாட்டியும் சுள்ளி பொறுக்கிய அதே காட்டில், மகள் சுள்ளி பொறுக்கினால் திருடி என்று பெயர் பெற்றாள். அவள் செயல் மாறவில்லை. சட்டம் அவளை நோக்கிய நோக்கு மாறியது.

இதன் விளைவு யாது? தன்னுடையது அன்று என்று ஆனபின், காட்டைக் காக்கும் கடமையும் அவள் நெஞ்சிலிருந்து நீங்கியது. இன்று விட்டு வைத்தால் நாளை நமக்குக் கிடைக்கும் என்னும் நம்பிக்கை உள்ளவரே பச்சை மரத்தின்மேல் கோடரி வைக்கத் தயங்குவர். நாளை என்பது பிடுங்கப்பட்டவரிடம் போய் நாளைக்காகச் சேமியுங்கள் என்று உபதேசிப்பது அறமாகாது.

குமாவோன் காட்டிய வழி

தில்லி வாழ் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு நைனிதாலுக்கும் அல்மோராவுக்கும் சென்று வருவதுண்டு. அம்மலைச் சரிவுகளில் இருவகைக் காடுகளைக் காணலாம். ‘பாஞ்ச்’ என்று அங்குள்ளோர் அழைக்கும் ஓக் மரக்காடு ஒன்று. அதன் இலை மாட்டுக்குத் தீவனம், உதிர்ந்த சருகு வயலுக்கு உரம். மற்றொன்று ‘சீர்’ என்னும் பைன் மரக்காடு. அதன் பிசினும் கட்டையும் அரசுக்கு வருவாய். 1911 முதல் 1917 வரை குமாவோன் மலைகளில் பெரும்பரப்பு காப்புக்காடாக்கப்பட்டு, இலை தழை ஒடிக்கவும் ஆடுமாடு மேய்க்கவும் கட்டுப்பாடுகள் வந்தன. மக்களின் சினம் 1921இல் தீயாக மூண்டது. காடுகள் பல எரிந்தன. ஆனால் எரிந்தவை பெரும்பாலும் பைன் காடுகளே என்றும், ஓக் காடுகளின்மேல் மக்கள் கைவைக்கவில்லை என்றும் வரலாற்றறிஞர் இராமச்சந்திர குகா எடுத்துக் காட்டுகிறார். சினத்தின் உச்சத்திலும் எது தம் வாழ்வுக்குத் தாய் என்பதை அம்மக்கள் மறக்கவில்லை.

அரசு குறைகேட்புக் குழுவொன்றை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1931இல் ‘வன பஞ்சாயத்து’ விதிகள் பிறந்தன. ஓர் ஊரார் விண்ணப்பித்தால், அவ்வூர் எல்லையில் உள்ள காட்டை நிர்வகிக்கத் தாமே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். இன்று உத்தராகண்ட் மாநிலத்தில் இத்தகைய பஞ்சாயத்துகள் பதினோராயிரத்துக்கும் மேல் உள்ளன. நன்கு நடப்பவற்றில் முறை எளியது. மழைக்காலத்தில் காடு அடைக்கப்படும். புல் முற்றியபின் குறித்த சில நாள்களுக்குத் திறக்கப்படும். வீட்டுக்கு இத்தனை பேர், இத்தனை கட்டு என்று அளவு வகுக்கப்படும். காவற்காரனுக்கு ஊதியம் வீடுதோறும் திரட்டப்படும். விதி மீறியவர்க்குத் தண்டம் உண்டு. பச்சைக் கிளையை வெட்டியவரின் அரிவாள் பறிமுதல் செய்யப்படும்.

இவற்றுள் பெயரளவில் மட்டும் உள்ளனவும் உண்டு. பிற்கால விதிகள் வனத்துறையின் கையை ஓங்கச் செய்தன என்னும் முறையீடும் உண்டு. ஆயினும், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அறிஞர்கள் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத் தக்கது. ஊரார் காக்கும் காடுகள் அரசு காக்கும் காடுகளுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தனவாக இல்லை. ஆனால் காவலுக்கு ஆகும் செலவோ அரசுச் செலவில் ஒரு சிறு பகுதியே.

பங்கும் உரிமையும்

மக்களைச் சேர்த்துக் கொள்ளாமல் காட்டைக் காத்தல் இயலாது என்பதை விடுதலைக்குப் பின் வந்த அதிகாரிகளுள்ளும் சிலர் உணர்ந்தனர். மேற்கு வங்கத்தின் மேதினிப்பூர் மாவட்டத்தில் அராபாரி என்னும் இடத்தில், 1970களின் தொடக்கத்தில் வன அதிகாரி அ. கு. பானர்ஜி ஒரு சோதனையை மேற்கொண்டார். பதினோரு ஊர்களைச் சேர்ந்த 618 குடும்பங்கள் 1,272 ஹெக்டேர் காட்டைக் காக்க முன்வந்தன. அவர்களுக்கு வேலையும், விறகும், பிற்காலத்தில் விற்பனை வருவாயில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கும் என்பது ஒப்பந்தம். வெட்டுண்டு கட்டைகளாய்க் கிடந்த சால மரங்கள் மீண்டும் தழைத்தன. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கைக்கும், 1990இல் நடுவண் அரசு வெளியிட்ட கூட்டு வன மேலாண்மை ஆணைக்கும் இச்சோதனை முன்மாதிரியாயிற்று.

இது பெரிய முன்னேற்றமே. எனினும் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இம்முறையில் காடு அரசுடையது; மக்கள் அதில் பங்கு பெறுவோர். கொடுத்தவர் விரும்பினால் குறைக்கவும் கலைக்கவும் கூடியது பங்கு. உரிமை அவ்வாறன்று. இவ்வேறுபாட்டைப் பாராளுமன்றமே ஏற்றுக் கொண்டது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில்தான். பழங்குடியினர்க்கும் பிற மரபுவழிக் காடுவாழ் மக்களுக்கும் வரலாறு இழைத்த அநீதியைத் திருத்துவதே தன் நோக்கம் என்று அச்சட்டத்தின் முகவுரை வெளிப்படையாகக் கூறுகிறது.

மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா என்னும் கோண்டுப் பழங்குடிச் சிற்றூர் உள்ளது. அங்கு ஊர்ச்சபை எடுக்கும் முடிவு பெரும்பான்மையால் அமைவதில்லை. ஒருவர் மறுத்தாலும் அவர் மனம் இசையும்வரை பேச்சுத் தொடரும். அவ்வூருக்கு 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின்மேல் சமுதாய உரிமை வழங்கப்பட்டது. ஆயினும் அங்கு விளையும் மூங்கிலை வெளியே கொண்டுசென்று விற்க வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டுமென்று தடை எழுந்தது. மூங்கில் மரமா, புல்லா என்னும் கேள்வி ஓர் ஊரின் பிழைப்பையே தீர்மானிப்பதாக நின்றது. 2011 ஏப்ரலில் நடுவண் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து, அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரத்தை ஊர்ச்சபையிடமே ஒப்படைத்தார். தம் காட்டு மூங்கிலைத் தாமே அளந்து, தாமே விலை பேசி விற்கும் நிலையை அவ்வூரார் எய்தினர். அதன்பின் கூலியும் வந்தது. பொது நிதியும் வந்தது. இவற்றினும் மேலாக, வெட்டாமல் விட்டுவைப்பதிலும் பொருள் உண்டு என்னும் உறுதி வந்தது. அடக்கம் என்பது உரிமையுடையோர்க்கே இயலும் அறம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கட்டுப்பாட்டின் சுமை

இவ்வளவும் கூறியபின், ஊர் என்றால் அன்பும் ஒற்றுமையும் நிறைந்த ஓர் இல்லம் என்று நாம் எண்ணிவிடலாகாது. ஊரில் நிலமுடையோரும் உளர், இல்லாதோரும் உளர். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. சாதியின் உயர்வு தாழ்வும் உண்டு. கூடி முடிவு செய்தோம் என்னும் சொல்லில், கூடியவர் யார் என்னும் கேள்வி மறைந்து கிடக்கிறது.

பொருளியல் அறிஞர் ந. ச. ஜோதா, வறண்ட பகுதிகளைச் சார்ந்த ஏழு மாநிலங்களின் ஊர்களை ஆராய்ந்து 1986இல் எழுதினார். வறிய குடும்பங்களின் வருவாயில் 14 முதல் 23 விழுக்காடு வரை பொது நிலங்களிலிருந்து கிடைப்பதாக அவர் கண்டார். தமிழ்நாட்டு ஊர்களும் அவ்வாய்வில் அடங்கும். செல்வர்க்குப் பொது நிலம் ஒரு வசதி. வறியவர்க்கு அது அடுப்பு எரிவதற்கும் எரியாமைக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு. எனவே ‘ஐந்தாண்டு காட்டை அடைப்போம்’ என்று சபை முடிவு செய்தால், அம்முடிவின் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவாக இறங்குவதில்லை. தன் வயலில் மரமுள்ளவர் அதை உணரவே மாட்டார். நிலமற்ற வீட்டுப் பெண்ணோ விறகுக்காக இன்னும் சில மைல் நடப்பாள். அல்லது அடுத்த ஊர்க் காட்டில் நுழைந்து அவ்வூர்க் காவலரிடம் ஏச்சும் தண்டமும் பெறுவாள்.

பேராசிரியர் பீனா அகர்வால் இந்நிலையைக் குசராத்திலும் மலைநாடுகளிலும் விரிவாக ஆராய்ந்து வெளிப்படுத்தியுள்ளார். காட்டை அன்றாடம் மிதிப்பவள் பெண். ஆனால் விதி வகுக்கும் சபையில் அமர்ந்தவர் பெரும்பாலும் ஆண்கள். மறுபுறம், நிர்வாகக் குழுவில் பெண்கள் போதிய எண்ணிக்கையில் இடம் பெற்ற ஊர்களில் காட்டின் நிலையும் மேம்பட்டதாக அவர் ஆய்வு காட்டுகிறது. 1974 மார்ச்சில் கட்வால் மலையின் ரேணி என்னும் ஊரில், ஆடவர் ஊரில் இல்லாத வேளையில் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து நின்றவர்கள் கௌரா தேவியும் அவருடன் சென்ற பெண்களுமே. சிப்கோ என்று நாடறிந்த இயக்கத்தின் உயிர்நாடி அது. காக்க அழைக்காமலே வந்தவர்களைப் பேசுவதற்கு அழையாதிருப்பது என்ன நீதி?

ஆகவே பொதுமையின் அறத்தை இவ்வாறு வரையறுக்கலாம். ஒரு கட்டுப்பாடு ஊரார் கூடி வகுத்தது என்பதனாலேயே நேரியதாகி விடாது. அக்கட்டுப்பாட்டால் மிகுதியும் இழப்பவர் அதை வகுத்த சபையில் இருந்தாரா, அவர் சொல் கேட்கப்பட்டதா, அவர் இழப்புக்கு ஈடு செய்யப்பட்டதா என்னும் மூன்றுமே அதன் நேர்மைக்கு உரைகல். இங்கேதான் அரசுக்கும் உரிய பணி உண்டு. காட்டை உடைமையாக்கிக் கொள்வது அப்பணியன்று; எல்லைத் தகராறு எழுந்தால் நடுவராய் நிற்பதும், ஊருக்குள் வலியார் மெலியாரை ஒதுக்கினால் மெலியார் பக்கம் நிற்பதுமே அதற்கு அழகு.

நாடு என்பது யார்?

ஓர் எதிர்வாதத்துக்கு விடை கூறாமல் மேற்செல்லலாகாது. காடு ஊருக்கு மட்டுமா உரியது? மலைக்காட்டால் ஆறு பிறக்கிறது. அவ்வாற்று நீரைப் பருகுவோர் பல நூறு கல் தொலைவில் உள்ளனர். வள்ளுவரும் நாட்டின் அரணுக்குரிய உறுப்புகளுள் காட்டை வைத்தே எண்ணினார். அவ்வாறாயின் காடு நாட்டின் சொத்து என்பதில் பிழை என்ன?

பிழை அச்சொல்லில் இல்லை. அச்சொல் பயன்படும் முறையில் உள்ளது. நாட்டின் நலம் என்று சொல்லப்படும்போது, அந்நலத்தை நுகர்வோர் ஓரிடத்திலும், அதற்கு விலை தருவோர் வேறோரிடத்திலும் இருக்கின்றனர். நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துத் தாளும், நம் சமையலறை அலுமினியப் பாத்திரமும் எங்கோ ஒரு காட்டிலிருந்தும் மலையிலிருந்துமே வருகின்றன. ஒடிசாவின் நியமகிரி மலையில் அலுமினியத் தாது எடுக்க ஒரு திட்டம் எழுந்தபோது, அம்மலையைத் தெய்வமாகப் போற்றும் டோங்கிரியா கோண்டு மக்களின் ஊர்ச்சபைகளே தம் சமய உரிமைகளைக் குறித்து முடிவு கூற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே பன்னிரண்டு ஊர்ச்சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றே கூறின. அவர்களும் நாடுதானே? நாட்டின் குரல் தலைநகரிலிருந்து மட்டும் எழுவது என்று எண்ணுவதே நாம் களைய வேண்டிய மயக்கம்.

ஊரை விட்டு வந்தோர்

இறுதியாக, புலம்பெயர்ந்து வாழும் நம்மைத் தொடும் கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. ஊரை விட்டுச் சென்றவர்க்கு ஊர்ப்பொதுவில் உரிமை உண்டா?

உத்தராகண்ட் மலையூர்கள் இக்கேள்வியை இன்று எதிர்கொண்டிருக்கின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளற்றவை. பிழைப்புத் தேடி இளைஞர் சமவெளி நகரங்களுக்கு இறங்கிவிட, பல ஊர்களில் முதியோரே எஞ்சினர். புல் அரிய ஆளில்லாத இடத்தில் பைன் சருகு குவிகிறது. கோடையில் தீப்பற்றினால் அணைக்க ஓடிவரும் கால்கள் குறைந்துவிட்டன. விதி இருக்கிறது, விதியைப் பேசி வகுத்த கூட்டம் இல்லை. பொதுமை என்பது நிலத்தின்மேல் எழுதப்பட்ட தன்மையன்று, மனிதர் ஒருவர்க்கொருவர் கொடுத்துக் கொண்ட வாக்கு என்பதை அவ்வூர்கள் நமக்கு உணர்த்துகின்றன. வாக்குக் கொடுத்தவர் அகன்றால் வாக்கும் மெலியும்.

நாமும் ஊரை விட்டு வந்தவர்களே. நம்மில் பலருக்கு ஊரில் பட்டா உண்டு. குடமுழுக்கு அழைப்பிதழில் பெயரும் உண்டு. ஆனால் அங்குள்ள ஏரிக்கரையிலும் மந்தைவெளியிலும் இன்று ஆடு மேய்ப்பவர் வேறு, முள் வெட்டி அடுப்பெரிப்பவர் வேறு. அவ்விடத்தை மனைகளாக்கலாமா, வேலியிட்டு அடைக்கலாமா என்னும் பேச்சு எழும்போது, தொலைபேசியில் ஒலிக்கும் நம் குரல் ஓங்கியும், அங்கேயே நிற்கும் அவர் குரல் தாழ்ந்தும் போவது இயற்கை. அவ்வியற்கையைத் தடுத்து நிறுத்துவதே நாம் செய்யக் கூடிய அறம். பொதுவின் மேல் உரிமை குருதி வழியாக இறங்கி வருவதன்று. காவலுக்குப் படி கொடுத்தும், தீயை அணைத்தும், அளவோடு எடுத்தும், சபையில் அமர்ந்து பிறர் சொல் கேட்டும் நாள்தோறும் ஈட்டப்படுவது. அவ்வாறு ஈட்டுவோர் பேசட்டும். அவர்கள் பேசி முடிக்கும்வரை நாம் கேட்டிருப்போமாக.